படையில் கொடுக்கும் பூட்ஸ் போதுமா? சேரப்போகிறவர்களுக்கு ஒரு மதிப்புரை

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். அளவு சரியாக அமைந்தால், படை கொடுக்கும் பூட்ஸே போதும். அளவு தப்பினால், எவ்வளவு பேர்பெற்ற பூட்ஸாக இருந்தாலும் கடிக்கும். சேருவதற்கு முன் விலை உயர்ந்த ஜோடி தேடி அலைகிறவர்கள், அந்தப் பணத்தில் ஒரு பகுதியை நல்ல சாக்ஸுக்கும், அலையும் நேரம் முழுவதையும் நடைக்கும் செலவிட்டால் பலன் பல மடங்கு.

படை என்றதும் மனதில் ஓடுவது துப்பாக்கி, தண்டால், ஒட்ட வெட்டிய முடி, விடியுமுன் எழுப்பும் விசில், பயிற்றுநரின் அதட்டல். இவற்றுக்கெல்லாம் பத்துப் பதினைந்து நாளில் உடம்பும் மனமும் பழகிவிடும். எளிதில் பழகாமல் ஆளை மடக்குவது பாதமும், முழங்காலுக்குக் கீழே உள்ள எலும்பும்தான். அமெரிக்கத் தரைப்படையின் அடிப்படைப் பயிற்சி 10 வாரம்; அந்நாட்டு மரீன் படையில் 13 வாரம். அந்தத் தரைப்படைப் பயிற்சியில் ரெக்ரூட்டுகளின், அதாவது புதிதாகச் சேர்ந்தவர்களின், நடையை அளந்து பார்த்தபோது, நாளொன்றுக்குச் சராசரியாக 12 கிலோமீட்டரை ஒட்டி வந்தது. ரூட் மார்ச் என்று பெயர் சொல்லி நடப்பது அதில் ஒரு பங்குதான். சாப்பாட்டுக் கூடத்துக்கு, வகுப்புக்கு, சுடுதளத்துக்கு, திரும்ப விடுதிக்கு என்று சேர்ந்த கணக்கு அது. அசையாமல் நிற்கும் மணிநேரங்கள் அதில் இல்லை.

நான்கு வகை, நான்கு குணம்

முழுத்தோல் பூட்ஸ்தான் பழைய வகை. சுமார் 8 அங்குல உயரம், வழவழப்பான தோல், பாலிஷ் போட்டால் பளபளக்கும். ஒரு ஜோடி ஒன்றரை கிலோவைத் தாண்டும். தைத்த சோலாக இருந்தால் தேய்ந்தபின் மாற்றிக்கொள்ளலாம்; அச்சில் ரப்பரை ஊற்றி நேரடியாக வார்த்த சோலாக இருந்தால் பெரும்பாலும் மாற்ற முடியாது, ஆனால் பிரிந்து போவது அரிது. இதன் பெரிய பலம், மெதுவாக உங்கள் பாதத்தின் வடிவத்துக்கே வந்துவிடும். பலவீனமும் அதே ‘மெதுவாக’ என்ற சொல்லில்தான் இருக்கிறது. தோல் இளக இரண்டு மூன்று வாரம் ஆகும். பயிற்சி அதுவரை காத்திருக்காது. நனைந்தால் காய ஒரு முழு நாள் போதாது.

இரண்டாவது, வெப்பப் பகுதிக்கான பூட்ஸ். முன்னும் பின்னும் சொரசொரப்பான பக்கம் வெளியே வைத்த தோல், பக்கவாட்டில் நைலான் துணி, உள்வளைவை ஒட்டி இரண்டு சிறு துளைகள். வியட்நாம் போர்க் காலத்துக் காட்டு பூட்ஸின் வழித்தோன்றல் இது. அந்தத் துளைகளைக் காற்றுக்கு என்று நினைக்கிறவர்கள் உண்டு. அவை முதலில் தண்ணீர் வெளியேறத்தான். ஓடையைக் கடந்து பத்து அடி வைத்ததும் உள்ளே போன நீர் பீச்சிக்கொண்டு வெளியே வரும். சோலில் பனாமா வகைப் பள்ளங்களைப் பார்த்தால் தயங்காமல் எடுங்கள். சாய்வாக வெட்டிய அகலமான கட்டைகள், நடக்க நடக்கச் சேற்றைத் தாமே உதறிவிடும். நெருக்கமான பற்கள் கொண்ட சோலில் களிமண் அப்பிக்கொண்டு ஒவ்வொரு காலும் கல்லாய்க் கனக்கும். அடிப்படைப் பயிற்சிக்கு, கடுங்குளிர் இல்லாத இடங்களில், எங்கள் முதல் தேர்வு இந்த வகைதான்.

மூன்றாவது, கோர்டெக்ஸ் போன்ற நீர்புகா மெல்லுறை வைத்தது. பனியும் ஈரப்புல்லும் உள்ள குளிர்நாட்டில் இதற்கு இணையில்லை. வெயிலில் இதே பூட்ஸ் தொல்லை. வெளியே காற்று ஈரமாக இருந்தால் உள்ளே ஊறும் வியர்வை ஆவியாக வெளியேற வழி குறைகிறது. அதைவிட முக்கியம், கணுக்காலுக்கு மேல் தண்ணீர் ஏறி உள்ளே இறங்கிவிட்டால் அதே உறை அந்த நீரை வெளியே விடாது. நீர்புகாத பூட்ஸ் நீர் போகாத பூட்ஸாகவும் ஆகிவிடும். ‘வாட்டர்ப்ரூஃப்’ என்ற சொல்லைப் பார்த்து மயங்கி வாங்குகிறவர்கள் இதை ஒருமுறை யோசிக்க வேண்டும்.

நான்காவது, ஓட்டக் காலணி போல ஒட்டுச் சோல் வைத்த எடை குறைந்த பூட்ஸ். கடையில் போட்டுப் பார்த்தால் இதுதான் மனதைப் பறிக்கும். எடைக் குறைவு உண்மையாகவே பெரிய லாபம்: காலில் ஏறும் ஒரு கிலோ, முதுகில் ஏறும் ஐந்து கிலோவை ஒட்டிய உழைப்பைக் கேட்கிறது. பூட்ஸில் ஒவ்வொரு 100 கிராமுக்கும் உடல் செலவிடும் ஆக்சிஜன் சுமார் 0.7 முதல் 1 சதவீதம் கூடும் என்று அளந்திருக்கிறார்கள். ஆனால் இந்த வகையின் நடுச்சோல் மிருதுவான நுரை. சுமையோடு நடக்கும்போது சில மாதத்தில் அமுங்கிப்போகும், கூர்க்கல் உள்ளங்காலில் குத்தும், ஓரங்களில் ஒட்டு விடும். பயிற்சி முடிந்து, தன் வேலை என்ன என்று தெரிந்தபின் வாங்க வேண்டிய பொருள் இது.

வாங்கும் முன் இன்னொன்று: பல படைகளில் பயிற்சி முடியும்வரை சொந்த பூட்ஸுக்கு அனுமதி கிடையாது. அனுமதி இருந்தாலும் உயரம், நிறம், தோலின் வகைக்கு விதி உண்டு. அமெரிக்கத் தரைப்படையின் சீருடை விதி 8 முதல் 10 அங்குல உயரமும் சொரசொரப்பான பக்கம் வெளியே உள்ள தோலும் வேண்டும் என்கிறது. சேருமிடத்தின் பொருள் பட்டியல் கைக்கு வரும்வரை பணத்தைக் கட்டாதீர்கள். எந்த வகையானாலும், பல வருடம் இருப்பில் கிடந்த ஜோடியை வாங்க வேண்டாம். பாலியூரித்தேன் நடுச்சோல் காற்றின் ஈரத்தாலேயே உள்ளுக்குள் சிதையும். மேலே புதுக்கருக்கு மாறாமல் இருக்கும். முதல் நீண்ட நடையில் சோல் பொடிப்பொடியாக உதிரும். கட்டைவிரலால் நடுச்சோலை அழுத்திப் பாருங்கள். திரும்ப எழும்பாமல் பிசுபிசுத்தாலும், மெல்லிய வெடிப்புகள் தெரிந்தாலும் வைத்துவிடுங்கள்.

ஸ்டோரில் அந்தச் சில நிமிடங்கள்

பயிற்சிக் காலம் முழுவதற்குமான பாத நலன் தீர்மானமாவது சீருடை வழங்கும் அறையில், சில நிமிடங்களில். நீண்ட வரிசை, பின்னால் நிற்பவரின் அவசரம், முன்னால் இருப்பவரின் சலிப்பு. “எத்தனாம் நம்பர்?” என்ற கேள்விக்கு, சாதாரண ஷூவின் நம்பரைச் சொல்லி, வந்ததை வாங்கிக்கொண்டு நகர்வதுதான் பெரும்பாலோர் செய்யும் தவறு. புதிய ஆள், வாய் திறக்கக் கூச்சம். அந்தக் கூச்சத்துக்குக் கால் பல வாரம் வாடகை கட்டும்.

ஆகவே வீட்டிலேயே அளந்துகொண்டு போங்கள். மாலையில் அளக்கவேண்டும், பகல் முழுக்க நடந்தபின் பாதம் சற்று வீங்கி, உண்மையான அளவுக்கு வந்திருக்கும். நடைக்குப் போடும் சாக்ஸைப் போட்டு, சுவரில் குதிகாலை ஒட்டி, காகிதத்தின் மேல் எழுந்து நில்லுங்கள். உட்கார்ந்து அளந்தால் சில மில்லிமீட்டர் குறையும், ஏனெனில் எடை இறங்கும்போதுதான் உள்வளைவு தாழ்ந்து பாதம் நீளும். மிக நீண்ட விரலின் நுனிவரை ஓர் அளவு, விரல்மூட்டுகளில் அகலமான இடத்துக்கு ஓர் அளவு. இரண்டு பாதங்களுக்கும் எடுங்கள். பலருக்கு ஒன்று பெரிதாகவே இருக்கும், அந்தப் பெரியதுதான் கணக்கு. மில்லிமீட்டரில் குறித்துக்கொள்வது நல்லது. பல படைகளின் பூட்ஸில் மாண்டோபாயிண்ட் என்ற முறையில் பாதத்தின் நீளமும் அகலமும் மில்லிமீட்டரிலேயே அச்சிட்டிருக்கும். 270 என்றால் 270 மில்லிமீட்டர் பாதத்துக்கு என்று பொருள். நாட்டுக்கு நாடு மாறும் ஷூ நம்பர் குழப்பம் அங்கே இல்லை.

கையில் பூட்ஸ் வந்ததும் இரண்டு காலிலும் போடுங்கள், ஒன்றில் மட்டும் அல்ல. லேஸ் கட்டுவதற்கு முன் பாதத்தை முன்னால் தள்ளி விரல் முட்டவிட்டு, குதிகாலுக்குப் பின்னே ஒரு விரல் நுழைகிறதா பாருங்கள். நுழைய வேண்டும். பிறகு குதிகாலைப் பின்னுக்குத் தட்டி இறுக்கிக் கட்டி எழுந்து நில்லுங்கள். விரல்களை உள்ளே பியானோ வாசிப்பதுபோல் அசைக்க முடியவேண்டும். சுண்டுவிரல் பக்கம் தோல் புடைத்துக்கொண்டு நின்றால் அகலம் போதவில்லை. அகலம் போதாததற்கு நீளத்தைக் கூட்டாதீர்கள். இது மிகப் பரவலான தவறு, விளைவும் மோசம். நீளம் கூடினால் பூட்ஸ் மடங்கும் இடமும் உங்கள் விரல்மூட்டு மடங்கும் இடமும் வேறுவேறாகி, ஒவ்வோர் அடியிலும் மடிப்பு பாதத்தின் மேல் அழுந்தும். குதிகாலும் மேலும் கீழும் ஆடும். அதே நீளத்தில் அகலமான ஜோடி கேளுங்கள்.

நான்கைந்து முறை குந்தி எழுங்கள், படி இருந்தால் இறங்குங்கள். இறங்கும்போது விரல் முன்னே இடித்தால் அளவு சிறியது. அந்த பூட்ஸில் ஒரு மலைச்சரிவு இறங்கினால் பெருவிரல் நகம் கறுத்துவிடும். புதுத்தோலில் குதிகால் அரை சென்டிமீட்டர் எழும்புவது சகஜம், இளகியதும் அடங்கும். அதற்குமேல் என்றால் அளவு பெரிது. சரியில்லை என்றால் அங்கேயே, மரியாதையோடும் தெளிவாகவும், “ஐயா, அகலம் போதவில்லை, அடுத்த அகலம் வேண்டும்” என்று சொல்லுங்கள். என்ன குறை என்று துல்லியமாகச் சொல்கிறவருக்கு மாற்றிக் கொடுப்பார்கள். “கடிக்குது” என்று மட்டும் சொன்னால் “பழகிடும்” என்பதே பதிலாக வரும். சகதியில் இறங்கிய பிறகு மாற்றுவது பெரும்பாடு, எனவே முதல் நாளே விடாதீர்கள்.

இரண்டு ஜோடி கொடுத்தால் உள்ளே ஒன்று, இரண்டு என்று குறியிட்டு மாற்றி மாற்றி அணியுங்கள். அழகானதைப் பரேடுக்கு என்று ஒதுக்கிவிட்டு மற்றொன்றையே தினமும் போட்டால், ஒன்று எப்போதும் ஈரமாகவும் மற்றது எப்போதும் விறைப்பாகவும் இருக்கும். இரண்டும் உதவாது.

சாக்ஸ்: பணம் இங்கேதான் போகவேண்டும்

கொப்புளம் வெறும் உராய்வால் வருவதில்லை. எலும்பு உள்ளே ஒரு பக்கம் நகர, தோல் சாக்ஸோடு ஒட்டி நிற்க, இரண்டுக்கும் நடுவே தோலின் அடுக்குகள் இழுபட்டு உள்ளே கிழிகின்றன. அந்த இடைவெளியில் நீர் சேர்வதே கொப்புளம். தோல் நன்றாகக் காய்ந்திருந்தால் வழுக்கும். சொட்டச் சொட்ட நனைந்திருந்தாலும் ஓரளவு வழுக்கும். நசநசவென்று வியர்த்த தோல்தான் சாக்ஸைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறது. ஆகவே சாக்ஸின் வேலை இரண்டு: ஈரத்தைத் தோலிலிருந்து விலக்குவது, இழுவையைத் தோலுக்கு வெளியே நடக்கவைப்பது.

பருத்தி இரண்டிலும் தோற்கிறது. உறிஞ்சும், ஆனால் பிடித்துவைத்துக்கொள்ளும். கசங்கி மடிப்பும் விழும். கம்பளி கலந்த தடித்த சாக்ஸும், அதற்குள் பாலியெஸ்டர் போன்ற ஈரம் பிடிக்காத இழையில் மெல்லிய உள் சாக்ஸும் போடுவது நல்ல அமைப்பு. இழுவை இரண்டு துணிகளுக்கு இடையே நடந்துவிடுகிறது, தோல் தப்பிக்கிறது. மரீன் ரெக்ரூட்டுகளிடம் செய்த சோதனையில் இந்த இரட்டை அமைப்பு கைகொடுத்தது. உள் சாக்ஸ் தோலோடு ஒட்டி இருக்கவேண்டும். தொளதொளவென்று இருந்தால் அதுவே மடிந்து புண்ணாக்கும். பூட்ஸ் அளவு பார்க்கும்போதே இரண்டையும் போட்டுப் பாருங்கள், இல்லையென்றால் பின்னால் இரண்டுக்கும் இடம் இருக்காது.

ஆறு முதல் எட்டு ஜோடி வைத்துக்கொள்ளுங்கள். நெடுநடைக்கு இரண்டு காய்ந்த ஜோடி பையில், நீர் புகாத பிளாஸ்டிக் உறைக்குள் இருக்கட்டும். நீண்ட ஓய்வு கிடைக்கும் ஒவ்வொரு முறையும் மாற்றி, ஈரமானதை முதுகுப்பையின் வெளியே கட்டுங்கள். முதல் உலகப் போரின் பதுங்குகுழிகளில், குளிர்ந்த சேற்றில் நாள்கணக்கில் நின்ற வீரர்களின் பாதங்கள் மரத்து, அழுகி, ஆயிரக்கணக்கானோர் களத்தைவிட்டு அகற்றப்பட்டார்கள். பிரிட்டிஷ் படை அதற்குக் கண்ட வழி எளிமையானது: காய்ந்த சாக்ஸ் மாற்றுவது, பாதத்தில் திமிங்கில எண்ணெய் தேய்ப்பது, அதிகாரிகளே வந்து பாதங்களைப் பார்வையிடுவது. இன்றும் பயிற்சியில் மாலையில் காலை நீட்டச் சொல்லிப் பார்க்கிறார்கள் என்றால், அது அந்தக் கசப்பில் பிறந்த வழக்கத்தின் தொடர்ச்சி. அதை அவமானமாக எடுத்துக்கொள்ளாமல், வலிக்கும் இடத்தைச் சொல்லிக் காட்டுங்கள்.

வியர்வையைக் குறைக்கும் மருந்து பற்றியும் கேட்பார்கள். அமெரிக்க ராணுவக் கல்லூரி மாணவர்கள் 21 கிலோமீட்டர் நடந்த ஒரு சோதனையில், 20 சதவீத அலுமினியம் குளோரைடு பூசியவர்களில் 21 சதவீதம் பேருக்கும், பூசாதவர்களில் 48 சதவீதம் பேருக்கும் கொப்புளம் வந்தது. கேட்க அருமை. ஆனால் பூசியவர்களில் பாதிக்கு மேல், 57 சதவீதம் பேருக்குத் தோல் எரிச்சல். தாங்குகிற தோலா என்று வீட்டில் சோதித்தபின்தான் இந்தப் பக்கம் போகவேண்டும். பவுடரும் அப்படியே, மெல்லப் பூசினால் நல்லது, அள்ளிக் கொட்டினால் வியர்வையோடு சேர்ந்து கட்டிகட்டியாகி மணல்போல் அறுக்கும்.

பழக்குவது, கட்டுவது, காயவைப்பது

பூட்ஸ் முன்கூட்டியே கிடைத்தால், முதல் வாரம் வீட்டுக்குள் தினம் ஒன்றிரண்டு மணிநேரம். இரண்டாம் வாரம் 3 கிலோமீட்டர், பிறகு 5. மூன்றாம் வாரம் முதுகில் 5 கிலோவோடு. அதற்குமேல் மெல்லக் கூட்டலாம். கிடைக்காவிட்டாலும் கவலை வேண்டாம், சாதாரணக் காலணியில் நடந்து காலைத் தயார்செய்தாலே பெரும்பகுதி முடிந்தது. பயிற்சியில் அடிபடுகிறவர்கள் யார் என்று ஆராய்ந்த ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வருவது, சேருமுன் உடற்பயிற்சி குறைந்தவர்களும் புகைபிடிப்பவர்களும்தான். சேருவதற்கு எட்டு பத்து வாரம் முன்பே நடையும் மெதுவோட்டமும் தொடங்கிவிடுங்கள். கடைசி பத்து நாளில் விட்டதையெல்லாம் பிடிக்கிறேன் என்று ஓடுவது, முதல் நாளே நொண்டிக்கொண்டு போய் நிற்கத்தான் உதவும். ஓட்டக் காலணியும் புத்தம்புதிதாக வேண்டாம், தேய்ந்ததும் வேண்டாம். சில வாரம் ஓடிப் பழகிய ஜோடி நல்லது.

வெந்நீரில் ஊறவைத்து, காலிலேயே போட்டுக் காயவிட்டால் தோல் ஒரே நாளில் இளகிவிடும் என்று ஒரு யோசனை உலவுகிறது. செய்யாதீர்கள். தோலின் எண்ணெய்ப்பசை போய், காயும்போது சுருங்கி விறைக்கும், ஒட்டுப் பசை பலமிழக்கும், அதற்குள் உங்கள் பாதம் ஊறிப் பஞ்சாகியிருக்கும். நனைந்த பூட்ஸை ஹீட்டர் மேலும் நெருப்பருகிலும் வைப்பதும் அதே கேடு. லேஸைத் தளர்த்தி, நாக்கை வெளியே இழுத்து, உள் அட்டையை உருவித் தனியே காயவைத்து, உள்ளே செய்தித்தாளைக் கசக்கித் திணியுங்கள். முதல் சில மணிநேரம் தாளை மாற்றிக்கொண்டே இருந்தால் விடிவதற்குள் போடும் நிலைக்கு வந்துவிடும்.

வழவழப்புத் தோலுக்குப் பாலிஷ் மெல்லியதாக, பல அடுக்காக. சொரசொரப்புத் தோலுக்குப் பாலிஷே கூடாது, தூரிகை மட்டும். மெழுகு அப்பினால் தோல் மூச்சுவிடும் துளைகள் அடைபட்டு, வெப்பப் பகுதிக்கு என்று செய்த பூட்ஸ் அடுப்பாகிவிடும்.

லேஸ் கட்டுவதில் இரண்டு உத்தி தெரிந்தால் போதும். குதிகால் எழும்பினால், கணுக்கால் மடியும் இடத்தில் லேஸை ஒன்றன்மேல் ஒன்று இரண்டு சுற்றுச் சுற்றி இறுக்கிப் பூட்டுங்கள். கீழே தளர்வும் மேலே இறுக்கமும் தனித்தனியாக நிற்கும். பாதத்தின் மேற்புறம் வலித்தால், வலிக்கும் இடத்துக்கு நேரே குறுக்கே போகாமல், அதே பக்கத்துத் துளையிலேயே நேராக மேலே ஏற்றிவிடுங்கள். அந்த இடம் ஜன்னல்போல் திறந்து அழுத்தம் விலகும். விடிகாலையில் கட்டிய முடிச்சு இரவுவரை அப்படியே இருக்கவேண்டும் என்பதில்லை. அரை மணிநேர நடைக்குப்பின் பாதம் வீங்கும். முதல் நிறுத்தத்தில் ஒருமுறை அவிழ்த்துக் கட்டுவது நல்ல பழக்கம்.

உள்வளைவுக்கு ஏற்ற காலணி, உள்ளே வைக்கும் விசேஷ இன்சோல் பற்றிச் சுருக்கமாக: உள்வளைவு உயரமா தட்டையா என்று பார்த்து அதற்கேற்ற ஓட்டக் காலணி கொடுத்தால் காயம் குறையுமா என்று அமெரிக்கத் தரைப்படை, விமானப்படை, மரீன் ரெக்ரூட்டுகளிடம் சோதித்தார்கள். குறையவில்லை. மருத்துவர் இன்சோல் எழுதிக் கொடுத்தவர்கள் கட்டாயம் வைத்துக்கொள்ளுங்கள். மற்றவர்கள் விளம்பரத்தை நம்பிச் செலவழிக்க வேண்டியதில்லை.

கொப்புளமும் எலும்பும்

சூடாக, சுரீரென்று ஓரிடம் தெரியத் தொடங்குவதுதான் எச்சரிக்கை. கொப்புளம் எழ இன்னும் சிறிது நேரம் இருக்கும். அப்போதே நிறுத்தி மெல்லிய காகித சர்ஜிக்கல் டேப்பை மடிப்பில்லாமல் ஒட்டிவிட்டால் பாதி வேலை முடிந்தது. ஒவ்வொரு முறையும் கடிக்கும் இடம் தெரிந்திருந்தால் நடைக்கு முன்பே ஒட்டுங்கள். எழுந்துவிட்ட கொப்புளத்தின் மேல் நேரடியாக ஒட்டக்கூடாது, உரிக்கும்போது மேல்தோலோடு வந்துவிடும். சிறியதை அப்படியே விடலாம். பெரிதாகி அழுத்தினால் சுத்தம் செய்த ஊசியால் ஓரத்தில் குத்தி நீரை வடித்து, மேல்தோலை வெட்டாமல், அதன்மேல் ஒட்டாத துணி வைத்துக் கட்டவேண்டும். அந்த மேல்தோலைவிட நல்ல கட்டு எதுவும் இல்லை. சுற்றிலும் சிவந்து, சூடேறி, சீழ் வைத்தால் அது மருத்துவரின் வேலை. விரலிடுக்கைத் துடைக்காமல் படுப்பவர்களுக்குச் சேற்றுப்புண் நிச்சயம். பொதுக் குளியலறையில் செருப்பில்லாமல் நடக்காதீர்கள். நகத்தை நேராக வெட்டுங்கள், மூலையைத் தோண்டினால் நகம் சதைக்குள் வளரும்.

எலும்பு வலி வேறு ரகம். 1855-இல் பிரஷ்யப் படை மருத்துவர் பிரைத்ஹாப்ட், நெடுநடைக்குப்பின் வீரர்களின் பாதம் வீங்கி வலிப்பதை எழுதிவைத்தார். அது எலும்பு முறிவு என்று எக்ஸ்ரே காட்டியது 1897-இல்தான். புதுச்சுமை விழும்போது எலும்பு தன்னைத் திருத்திக் கட்டத் தொடங்குகிறது. பழையதைக் கரைப்பது விரைவாகவும் புதியதை வைப்பது தாமதமாகவும் நடக்கும். அந்த இடைவெளியில்தான் மயிரிழை வெடிப்பு விழுகிறது. விரல்களுக்குப் பின்னால் உள்ள நீண்ட எலும்புகளில் இரண்டாவதும் மூன்றாவதும், முழங்காலுக்குக் கீழே கணைக்கால் எலும்பும் இதற்குப் பெயர்போனவை. இங்கே எந்த பூட்ஸும் முழுக் காவல் அல்ல. இஸ்ரேலியப் படையில் இரவு குறைந்தது ஆறு மணிநேரத் தூக்கமும் குறைந்த மொத்த நடைதூரமும் என்று மாற்றியபோது இந்த முறிவுகள் பெரிதும் குறைந்தன. அமெரிக்கக் கடற்படையின் பெண் ரெக்ரூட்டுகளுக்கு நாளுக்கு 2000 மில்லிகிராம் கால்சியமும் 800 யூனிட் வைட்டமின் டி-யும் கொடுத்த சோதனையில் 20 சதவீதம் குறைந்தன. மாத்திரையை நீங்களே தொடங்காமல், சேருமுன் நடக்கும் மருத்துவப் பரிசோதனையின்போது கேளுங்கள். தூக்கம் உங்கள் கையில் முழுதும் இல்லை. விளக்கணைந்தபின் பேச்சை விட்டுப் படுப்பது மட்டும் உங்கள் கையில்.

தசைவலி பரவலாக இருக்கும், நடந்து சூடேறினால் தணியும். எலும்பு வெடிப்பு ஒரு விரல் நுனியால் தொட்டுக் காட்டும்படி ஓரிடத்தில் வலிக்கும், நடக்க நடக்கக் கூடும், பிறகு படுத்தாலும் விடாது. பயிற்சியில் பின்தங்கி அடுத்த அணியோடு சேர்க்கப்பட்டுவிடுவோமோ என்ற பயத்தில் வலி மாத்திரை போட்டு மறைக்கிறார்கள். பயம் நியாயமானது. ஆனால் தொடக்கத்திலேயே சொன்னால் சில வாரம் ஓய்வோடு முடியக்கூடியது, மறைத்து நடந்தால் முழு முறிவாகி மாதங்களைத் தின்னும். தொடை இடுக்கில் ஆழமான வலி என்றால் ஒரு நாள்கூடத் தள்ளாதீர்கள். தொடை எலும்பின் கழுத்து வெடித்திருக்கலாம். அது விலகிவிட்டால் அறுவை சிகிச்சைதான். முதல் எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை என்று அனுப்பிவிட்டாலும், வலி நீடித்தால் மறுபடி போகவேண்டும். இரண்டு மூன்று வாரம்வரை படத்தில் எதுவும் தெரியாமல் இருப்பது இந்த முறிவின் வழக்கம். போகும்போது மூன்றே விஷயம் சொல்லுங்கள்: விரல் வைத்துக் காட்டும் இடம், எந்த நாளிலிருந்து, இரவில் படுத்தபின்னும் வலிக்கிறதா.